ஆணியில் தொங்கிய நாற்பத்திரண்டு பேர்

கழுத்தின் பின்பக்கம், தலை முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எனக்கு ஒரு வலி உண்டு. முப்பத்தொரு வருடமாக அங்கேயே குடியிருக்கிறது. வெயில் காலத்தில் தூங்கும், மழை வந்தால் எழுந்து உட்காரும். அன்று காலை எழுந்து நின்றேவிட்டது. இடது பக்கம் திரும்பினால் கண்ணில் பொறி பறந்தது. வலது பக்கம் திரும்பினால் குமட்டியது. நேராகவே பார்த்துக்கொண்டு நடந்தேன். நான் யார் மேலோ கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துச் சந்தையே ஒதுங்கி வழிவிட்டது.

"மேஸ்திரி, இன்னைக்கு நீங்க எண்ணினா மட்டும் போதும். உங்க நடையை நான் பாத்துக்கறேன்," என்றான் சாத்விக்.

லாரியிலிருந்து ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக் கடையில் கொண்டுபோய் இறக்கினால் அது ஒரு நடை. ஒருவனுக்கு முடியாத நாளில் இன்னொருவன் அவன் பங்கையும் சுமப்பான். முடிந்த நாளில் இவன் அவனுக்குச் சுமந்து திருப்ப வேண்டும். காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நடைக்கு நடைதான். அன்று சாத்விக் எனக்காகப் பதினோரு நடை சுமந்தான்.

"எப்ப திருப்புவீங்க?" என்றான்.

"மொதல்ல கழுத்து திரும்பட்டும்," என்றேன்.

எங்கள் குழுவில் நாற்பத்திரண்டு பேர். சாத்விக், பிரணவ், யஷ்வந்த், ரித்தேஷ் என்று பெயர்களைக் கேட்டால் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைப்பீர்கள். நாங்கள் கரட்டூர் மொத்த வெங்காயச் சந்தையில் ஒன்பதாம் ஷெட். பெற்றவர்கள் எதற்கோ ஆசைப்பட்டு வைத்த பெயர்கள், மூட்டைக்கடியில் வந்து நின்றுவிட்டன. வருடம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. லாரிகள் டிரைவர் இல்லாமல் வந்து, தாமாகப் பின்னுக்கு நகர்ந்து, ஷெட்டை முட்டாமல் நின்று, பெண் குரலில் நன்றியும் சொல்கின்றன. மூட்டை இறக்கவும் ஒரு இயந்திரம் வந்தது. முதல் சந்திலேயே முட்டைக்கோஸ் இலையில் வழுக்கிச் சாய்ந்தது. இப்போது அதன் மேல் பூண்டு காய்கிறது. எங்கள் வேலை அந்த இலையால் பிழைத்தது.

அந்த வருடம்தான் விக்கல் காய்ச்சல் வந்தது. அரசாங்கம் அதற்கு ஓர் எழுத்தும் நான்கு எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்திருந்தது. காய்ச்சல் அரை நாள்தான். விக்கல் பதினோரு நாள், பத்து விநாடிக்கு ஒன்று. யாரும் சாகவில்லை. அதனால் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ நினைக்கிறார்கள் என்றார்கள். பதினோரு நாள் விடாமல் நினைக்க எவனுக்கு நேரமிருக்கிறது? திடுக்கிட வைத்தால் நிற்கும் என்று ஊரில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்று கத்தினார்கள். ஒரு வட்டாட்சியர் மாடிப்படியில் உருண்ட பிறகு, 'பிறரைத் திடுக்கிடச் செய்வது தண்டனைக்குரியது' என்று சுவரொட்டி வந்தது. பஸ்ஸில் விக்கல் இருக்கை, கல்யாண மண்டபத்தில் விக்கல் வரிசை என்று ஊர் பழகிக்கொண்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் விக்கலாம். தலையில் ஐம்பது கிலோ வைத்திருப்பவன் விக்கக் கூடாது. ஒரு விக்கல் வந்தால் கழுத்து ஒரு அங்குலம் துள்ளும். மூட்டை துள்ளாது, சரியும். நான்காம் ஷெட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். அதற்குப் பிறகு சந்தையில் சிரிப்பு குறைந்தது.

அப்போதுதான் ஆயிஷா மேடம் வந்தார். மாவட்டத்தில் நோய்க்குக் கணக்குப் போடும் மையம் ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே கணக்கு அவர் பொறுப்பு. முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பெட்டி. பெட்டியில் ரப்பர் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"இதைக் கையில கட்டிக்கணும் அண்ணே. யாரு யாரு பக்கத்துல, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு இது பாத்துக்கும். பேசுறதைக் கேக்காது."

"கேட்டா அதுதான் பாவம்," என்றான் பிரணவ்.

"இதை வெச்சு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு விக்கல் வந்தா அவரால இன்னும் எத்தனை பேருக்கு வரும்னு கணக்குப் போடுவோம். ஒருத்தர் ஒண்ணுக்கு மேல பரப்பினா நோய் ஏறும். ஒண்ணுக்குக் கீழ போனா தானா அணைஞ்சிடும். அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடு."

சாத்விக் யோசித்தான். "மேடம், ஒரு அழுகல் வெங்காயம் எத்தனை வெங்காயத்தைக் கெடுக்கும், சொல்லுங்க."

"எத்தனை?"

"அது வெங்காயத்துக்கிட்ட இல்ல. காத்தாட அடுக்கினா ரெண்டு. தார்ப்பாய் போட்டு அமுக்கினா மூட்டையே போச்சு. அதே அழுகல்தான்."

ஆயிஷா மேடம் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். "நான் அஞ்சு வருஷம் படிச்சதை நீங்க ஒரு மூட்டையில சொல்லிட்டீங்க," என்றார். சாத்விக் அன்று முழுவதும் விறைப்பாகவே நடந்தான்.

பட்டையை வாங்கிக்கொண்டோம். அவர் போனதும் கழற்றினோம்.

ஏமாற்ற வேண்டும் என்று செய்ததல்ல. மூட்டை தூக்குகிறவன் கையில் எதுவும் இருக்காது. வாட்ச், காப்பு, சாமி கயிறு எல்லாம் வேலைக்கு முன் கழற்றியாக வேண்டும். மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கியும் சாக்கு நூலும் எதையாவது பிடித்துக்கொண்டால் மூட்டை ஒரு பக்கம் போகும், விரல் இன்னொரு பக்கம் போகும். எனக்கு முந்தைய மேஸ்திரிக்கு வலது கையில் நாலு விரல். ஐந்தாவது மோதிரத்தோடு போனது. அதனால் ஷெட் தூணில் ஒரு தண்டவாள ஆணி அறைந்து வைத்திருக்கிறோம், ஒரு சாண் நீளம். கழற்றியதெல்லாம் அதில் தொங்கும்.

சிக்கல் என்னவென்றால், பட்டை கையை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடம் கத்தியது. நாற்பத்திரண்டும் கத்தின. உடம்புச் சூடு இல்லாவிட்டால் கத்துமாம். ரித்தேஷ் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் வைத்தான், நின்றது. நாற்பத்திரண்டையும் வைக்க அவனிடம் கக்கம் போதவில்லை. பிறகு பிரணவ்தான் வழி கண்டான். தூணுக்கு அடுத்த பக்கம் டீக்கடை பாய்லர். ஆணியை அந்தப் பக்கமாக மாற்றி அறைந்தோம். அனல் இதமாக வந்தது. பட்டைகள் எல்லாம் தங்களை யாரோ கட்டியிருப்பதாக நம்பி அமைதியாகிவிட்டன. எங்களுக்கும் ஒரு வசதி. வியர்வையில் நனைந்த சும்மாடுகளையும் அதே ஆணியில் மாட்டினால் சீக்கிரம் காய்ந்தன.

சும்மாடு என்பது தலையில் வைக்கும் துணிச்சுருள். அதற்குச் சொந்தக்காரன் கிடையாது. ஆணியில் கைக்கு எது வருகிறதோ அதை எடுப்போம், வைப்போம். பிரணவ் மட்டும் விதிவிலக்கு. நிச்சயத்தன்று ஓவியா கொடுத்த பச்சைத் துண்டைத்தான் சுருட்டி வைப்பான். வேலை இல்லாதபோது அது இடுப்பில் இருக்கும். ஆணிப் பக்கமே போகாது.

"பொண்டாட்டி இன்னும் வரல. அதுக்குள்ள துண்டு தலையில ஏறிடுச்சு," என்பான் சாத்விக்.

"உங்களுக்குப் பொறாமை," என்பான் பிரணவ்.

பொறாமைப்பட இடம் இருந்தது. பிரணவுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வீட்டில் பெண் பார்த்து, பதினான்கு வீட்டிலும் பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தவன். ஐந்து முறை 'தள்ளி வைப்போம்' என்றார்கள். தள்ளி வைத்தது எதுவும் பிறகு கிட்டே வரவில்லை. பதினைந்தாவது ஓவியா. சந்தை எடைமேடையில் வேலை. இவன் மூட்டை கொண்டுபோகும்போது எடையில் கை வைத்து அழுத்தாத ஒரே ஆள் என்று பிடித்துப்போனதாம். அடுத்த வாரம் புதன்கிழமை கல்யாணம்.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, திங்கள்கிழமை, சந்தை வாசலில் இருந்த பெரிய திரையில் பட்டியல் வந்தது. பெயர் போடவில்லை, பட்டை எண்தான். ஆனால் சந்தையில் யார் எண் யாருடையது என்று பிச்சைக்காரருக்கும் தெரியும்.

'அதிகம் பரப்பும் வாய்ப்புள்ளவர், மாவட்டத்தில் முதலிடம்: பட்டை 17. நாள்தோறும் ஒன்பது மணி நேரம், 41 பேருடன், அரைச் சாண் இடைவெளிக்குள்.'

பதினேழு பிரணவ். இரண்டாம் இடத்திலிருந்து நாற்பத்திரண்டாம் இடம் வரை நாங்கள். கீழே சிவப்பில் இன்னொரு வரி: 'ஒன்பதாம் ஷெட்: பத்து நாளில் 30 பேருக்கு நோய் எதிர்பார்க்கப்படுகிறது. சனிக்கிழமை முதல் மூடப்படும். தொழிலாளர்களுக்கு அரைக்கூலி வழங்கப்படும்.'

பிரணவ் தினமும் முதலில் வருகிறவன், கடைசியில் போகிறவன். அவன் பட்டை ஆணியின் அடியில், மற்ற எல்லாம் அதன் மேல். காரணம் அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு ஆணி தெரியாதே. பார்க்கிறவன் எல்லாம் பிரணவை மேலும் கீழும் பார்த்தான். பதினொன்றாம் ஷெட்டில் ஒருவன், "ஒன்பது மணி நேரமா? மூச்சு விட எப்ப போவீங்க?" என்று கேட்டே விட்டான்.

எடைமேடையிலிருந்து ஓவியா கூப்பிட்டு அனுப்பினாள். துணைக்கு நானும் போனேன்.

"ஒன்பது மணி நேரம் நாப்பத்தொரு பேரோட அரைச் சாண் தூரத்துல இருந்திருக்கீங்க. என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"மூட்டை தூக்கினேன்."

"மூட்டை எங்க இருந்துச்சு, நடுவுலயா?"

பிரணவ் என்னைப் பார்த்தான். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கழுத்து அப்படி.

"எனக்குக் கோவம் இல்ல. எனக்குப் புரியல. ரெண்டும் வேற வேற," என்றாள் அவள். "பத்து கிலோ கூட வந்தாலே ஏன்னு கேக்குறவ நான். இதைக் கேக்காம எப்படிக் கழுத்தை நீட்டுறது?"

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பட்டை கொடுத்தபோது எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கையில் கட்டாவிட்டால் சந்தை அனுமதி ரத்து. எடைமேடையில் சொன்னது டீக்கடைக்கு வர எவ்வளவு நேரமாகும்? நான் பிரணவின் தோளை அமுக்கினேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாலையில் பெண் வீட்டிலிருந்து வரச் சொன்னார்கள். ஓவியாவின் அப்பா முருகபூபதி இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். லாரி அவரை இறக்கிவிட்டுத் தானே போக ஆரம்பித்ததிலிருந்து எந்த இயந்திரத்தையும் நம்புவதில்லை. இந்தத் திரையை மட்டும் நம்பினார்.

"மெசின் பொய் சொல்லும் மாப்ள, ஒத்துக்கறேன். ஆனா எண்ணைப் போட்டு, அரைச் சாண்னு அளவும் போட்டுச் சொல்லுதே. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பதினேழு பலகையில இருந்து எறங்கணும். இல்லேன்னா தள்ளி வைப்போம்."

தள்ளி வைப்போம் என்ற சொல் காதில் விழுந்ததும் பிரணவ் வாயிலிருந்த முறுக்கை மென்றது பாதி, விழுங்கியது பாதி. ஒரு விக்கல் வந்தது.

கூடத்தில் இருந்த எல்லாரும் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்கள். பூனை வெளியே ஓடியது.

"முறுக்கு," என்றேன். "முறுக்குங்க. காய்ஞ்ச முறுக்கு."

"எங்க வீட்டு முறுக்கையும் குறை சொல்றீங்களா?" என்றார் முருகபூபதி.

வியாழக்கிழமை காலை நான் மையத்துக்குப் போனேன். பிரணவுக்காகப் போனேன் என்றுதான் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி அந்த அரைக்கூலி. வெங்காய வரத்து ஏறுகிற மாதம். நாற்பத்திரண்டு வீட்டில் பாதிச் சோறு என்றால் எனக்கு அது கழுத்து வலியைவிடப் பெரிது. அனுமதி போனால் போகட்டும், மூடினாலும் அதே கதிதானே என்று கணக்குப் போட்டேன்.

ஆயிஷா மேடத்தை அழைத்து வந்து ஆணியைக் காட்டினேன்.

பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பட்டையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

"அண்ணே," என்றார், "இந்த மாவட்டத்துலயே இவ்வளவு ஒத்துமையா யாரும் இல்லைன்னு நான் ஆச்சரியப்பட்டேன். ராத்திரி பகலா உக்காந்து அதுக்கு ஒரு விளக்கம் எழுதியிருக்கேன். பன்னிரண்டு பக்கம்."

"என்னன்னு எழுதினீங்க?"

"கடின உழைப்பாளிகளிடையே உடல் நெருக்கம்."

டீக்கடைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நிஜத்துல நீங்க எவ்வளவு நெருக்கம்?" என்று கேட்டார்.

"மூட்டை தலையில இருக்கிறவன் பக்கத்துல எவனும் வரமாட்டான் மேடம். இடிச்சா ரெண்டு பேரும் விழணும். மூணு கை தள்ளித்தான் நடப்போம். பேசுறதுகூடக் கத்தித்தான்."

அவர் அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து கணினியை மடியில் வைத்துத் தட்டினார். நாற்பத்திரண்டு பேரையும் ஆணியிலிருந்து இறக்கி, மூன்று கை தள்ளி நிறுத்தினார். விடை வந்தது. பத்து நாளில் முப்பது இல்லை, ஒன்பது.

"ஒன்பதுக்கு ஷெட்டை மூட வேண்டியதில்ல. அந்தப் பதினேழையும் எடுத்துடறேன். பட்டை விஷயம் உங்க மேல வராம நான் பாத்துக்கறேன்," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "எடுத்தா மட்டும் பத்தாது மேடம். அந்தப் பையனை ஊரே சிரிச்சுது. எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. எண்ணிக்கை தப்பினவன் ஒரு நடை சுமக்கணும். மேஸ்திரியா நானே ஏழு தடவை சுமந்திருக்கேன்."

"நான் மூட்டை தூக்கணுமா?"

"எண்ணிக்கை தப்பினது யாரு?"

அவர் மூட்டையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "பத்து நாள் கணக்கு முடியட்டும் அண்ணே. வந்து தூக்குறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை திரையில் பதினேழு இல்லை. முதலிடத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருந்தது. பிரணவ், மேடம் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஓவியாவிடம் ஆணிக் கதையைச் சொன்னான். அவள் நேரே வந்து ஆணியைப் பார்த்தாள். எண்ணினாள். நாற்பத்திரண்டு சரியாக இருந்தது. "இப்பப் புரியுது," என்றாள். சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் போனாள்.

ஷெட் மூடவில்லை. சனிக்கிழமை முழுக்கூலி. எல்லோரும் என்னைப் பெரிய ஆளாகப் பார்த்தார்கள். என் கழுத்தும் சனிக்கிழமை திரும்பியது. "திங்கள்ல இருந்து உன் பதினோரு நடையை ஆரம்பிக்கிறேன்," என்று சாத்விக்கிடம் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும் மேஸ்திரி, எங்க போயிடப் போறேன்," என்றான்.

திங்களன்று ஆறு பேருக்கு விக்கல். செவ்வாயன்று பதினான்கு. விக்கல் வந்தவனை வேலைக்கு எடுக்க மாட்டேன், வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் முதல் விக்கல் எப்போது வரும் என்று எவனுக்குத் தெரியும்? சாத்விக்குக்கு அது செவ்வாய் காலை எட்டே கால் மணிக்கு, ஷெட்டுக்கும் கடைக்கும் நடுவில், தலையில் மூட்டையோடு வந்தது.

ஒரே ஒரு விக்கல். நடைக்கு ஒரு தகர வில்லை என்று எண்ணிக் கொடுக்க நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். மூட்டை வலப்பக்கம் சரிந்தது, அவன் அதைப் பிடிக்கப் போனான். விட்டிருக்க வேண்டும். வெங்காயம் சந்து முழுக்க உருண்டது. காறை எலும்பு இரண்டு துண்டு, தோள் மூட்டு தனி. இனிமேல் தலைச்சுமை ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். விக்கியபடி, "வெங்காயத்தைப் பொறுக்கியாச்சா?" என்று கேட்டான்.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அப்படி ஒரு கல்யாணத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மண்டபத்தில் விக்கல் வரிசை என்று நாலு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். எங்கள் ஷெட்டிலிருந்து மட்டும் இருபத்து நாலு பேர் வந்து நின்றார்கள். பத்து விநாடிக்கு ஒன்று, ஒவ்வொருவனும் ஒவ்வொரு நேரத்தில். வயலில் தவளை கத்துவது போல இருந்தது. தவில்காரர் கொஞ்ச நேரம் சமாளித்தார். பிறகு தோற்று, விக்கலுக்கு ஏற்றபடி அடிக்க ஆரம்பித்தார். அதுதான் நன்றாக இருந்தது. தாலி கட்டும்போது இருபத்து நாலு கையும் அட்சதையோடு துள்ளியதில் பாதி ஐயர் மேலும் மீதி முருகபூபதி மேலும் விழுந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மூன்று முடிச்சும் நேராகப் போட்டான்.

ஆயிஷா மேடத்தையும் கூப்பிட்டிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் இலையைத் தொடாமல் எங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதுன்னு போட்டேனே அண்ணே," என்றார்.

"சாப்பிடுங்க மேடம்," என்றேன். சொல்லிவிட்டு விக்கினேன். இருபத்தைந்தாவது நான்.

மறுநாள் வியாழக்கிழமை, பத்தாவது நாள். முப்பத்தொரு பேர். திருத்தின கணக்கு ஒன்பது என்றது. ஆணி சொன்ன பொய்க் கணக்கு முப்பது என்றது. பொய்க் கணக்கு ஒரே ஒரு ஆளில்தான் தவறியது.

ஷெட்டை மூடினோம், அரசாங்கம் சொல்லாமல் நாங்களே. ஆளே இல்லையே. வெள்ளிக்கிழமை காலை மேடம் தனியாக வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். வேலையே நடக்காத ஷெட்டில் ஆணியைப் பார்த்துக்கொண்டே மூன்று டீ குடித்தார். நாலாவது டீயின்போது எழுந்து போய் ஆணியில் தொங்கியதைக் கையில் எடுத்தார். வெளியே காய்ந்து, உள்ளே இன்னும் ஈரமும் வெதுவெதுப்புமாக ஒன்பது, பத்து சும்மாடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கிடந்தன.

"அண்ணே, இது யாரோடது?"

"யாரோடதும் இல்ல."

"இது?"

"அதுவும் யாரோடதும் இல்ல. கைக்கு வர்றதை எடுத்துக்குவோம்."

"வேர்வையைத் தொடைக்கிறது?"

"அதுலதான்."

"முகத்தையும்?"

நான் விக்கினேன். பதில் சொன்ன மாதிரிதான்.

அவர் மெதுவாகத் திரும்ப மாட்டினார். "பட்டை பொய் சொல்லல. நீங்க மூணு கை தள்ளித்தான் நடந்தீங்க. ஆனா உங்க தலையெல்லாம் இங்க ஒண்ணா உக்காந்திருந்துச்சு, ஒன்பது மணி நேரம், அரைச் சாணுக்குள்ள. தார்ப்பாய் போட்டு அமுக்கின மூட்டை." என் பக்கம் திரும்பி, "சாத்விக் அண்ணன் அன்னைக்கே சொன்னாரு. எழுதி வெச்சுக்கிட்டேன். படிக்கல," என்றார்.

பிறகுதான் பிரணவ் ஞாபகம் வந்தது. மாவட்டத்தில் முதலிடம் பிடித்த பதினேழு. ஆணியில் துண்டு மாட்டாத ஒரே ஆள். எங்கள் எல்லோரிலும் நோய் வாங்கவும் கொடுக்கவும் வழியே இல்லாதவன் அவன்தான்.

இரண்டு வாரம் கழித்து விக்கல் ஓய்ந்ததும் ஷெட்டைத் திறந்தோம். ஆளுக்கொரு சும்மாடு, ஆளுக்கொரு சின்ன ஆணி, கைவீச்சுத் தூரம் விட்டு. பெரிய ஆணியைப் பிடுங்க மேடம் விடவில்லை. தன் கணக்கில் ஆட்களோடு அதையும் ஒரு ஆளாகச் சேர்த்திருக்கிறாராம். ஒவ்வொரு சந்தையிலும், ஆலையிலும், பள்ளிக்கூடத்திலும் எல்லோரும் எதையோ எங்கேயோ மாட்டுகிற ஒரு இடம் இருக்கும், முதலில் அதைத் தேடு என்று சொல்லிக்கொடுக்கிறாராம். திரையில் இப்போது முதலிடம்: 'ஆணி, ஒன்பதாம் ஷெட்'. முருகபூபதி அதைப் படமெடுத்து வைத்திருக்கிறார்.

திறந்த அன்று மேடம் தன் நடையைச் சுமக்க வந்தார்.

குழுவில் பெரிய வாதம். அவருடைய முதல் கணக்கு முப்பது, அது ஏறக்குறைய சரி, அதனால் கடனே இல்லை என்றான் ரித்தேஷ். சரியான கணக்கை அழித்துவிட்டுத் தப்பான கணக்கைப் போட்டாரே, அதற்குக் கடன் உண்டு என்றான் யஷ்வந்த். மேடமே யஷ்வந்த் பக்கம். ஐம்பது கிலோ வேண்டாம், இருபது கிலோ சின்ன வெங்காயம் போதும் என்று முடிவானது. ஓவியா எடை போட்டாள். நாங்கள் கையை வைத்து அழுத்தி, குறைந்த மூட்டையை இருபதாகக் காட்டப் பார்த்தோம், தட்டிவிட்டாள். மேடம் தன் துப்பட்டாவைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். பிரணவ் ஏற்றிவிட்டான். ஒன்பதாம் ஷெட்டிலிருந்து பன்னிரண்டாம் கடை வரை, இயந்திரம் வழுக்கிய அதே சந்தில், இலை பார்த்து, இலை பார்த்து நடந்தார். சந்தையே மூச்சைப் பிடித்து நின்றது. இறக்கியதும் கழுத்தைத் தடவினார்.

"எங்க வலிக்குது?" என்றேன்.

தலை முடிந்து முதுகு தொடங்கும் இடத்தைக் காட்டினார்.

"அதேதான்," என்றேன்.

வில்லையைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அண்ணே, ஷெட்டை அன்னைக்கே மூடியிருந்தா?" என்று கேட்டார்.

"சாத்விக் வீட்ல படுத்துக்கிட்டு விக்கியிருப்பான்."

"ஒன்பதுன்னு போட்டது நான்."

"போட வெச்சது நான்."

அவர் வில்லையைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாத்விக் இப்போது ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் இடத்தில் வில்லை கொடுக்கிறான். கை ஒன்று கட்டுப் போட்டுத் தொங்குகிறது. அவன் பெயரில் சுமந்து திருப்பிவிடுகிறேன் என்று சொன்னேன். "எனக்குத்தான் இனி நடையே கிடையாதே மேஸ்திரி, எதுல சேப்பீங்க?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். வழக்கத்தில் அதற்கு வழி இருக்கிறதா என்று பழைய ஆட்களிடம் விசாரித்தேன். இல்லை. காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டான்.

மேடம் கடன் தீர்ந்தது. சாத்விக்குக்கு நான் பதினோரு நடை பாக்கி.